தீவில் ஒரு பெரட்டு

கடலில் ஒரு முறை குளித்தால் மூன்று நாளைக்குத் தலைமுடி பிசுபிசுவென்று இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, சேர். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் பிடித்துப் பெண்களாகவே போனோம். கடலை முன்பே பார்த்தவர்கள் ஐந்தாறு பேர்தான். கரையிலிருந்து படகில் கால் மணி நேரம் போனால் அந்தத் தீவு. ஒரு வீடு கிடையாது. வெள்ளை மணல், பவளப் பாறை, தண்ணீருக்குள் மஞ்சள் மீன். ஆமையைக்கூடப் பார்த்தேன். நல்ல இடம்தான்.

அழகையா கங்காணியை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். பயணத்துக்குப் பொறுப்பாக வந்த ஒரே ஆம்பிளை அவர். தோட்டமும் அவரைத்தான் திட்டுகிறது, பொலிஸில் நீங்களும் அவரைத்தான் விசாரணைக்குக் கூப்பிடுகிறீர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. படகில் ஏறும்போது சுதர்ஷினி பெயரைக் கூப்பிட்டதற்குப் பதில் வந்தது என்று அவர் சொல்வது உண்மை. பதில் சொன்னது நான்.

பெரட்டு உங்களுக்குப் பழக்கமிருக்காது. காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் ஓரிடத்தில் நிற்போம். கங்காணி பெயர் கூப்பிடுவார், "இருக்கேங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவளுக்கு அன்று வேலை இல்லை. சுதர்ஷினி மகளைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடிவருவதற்குள் அவள் பெயர் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரி என்று அவளுக்கும் சேர்த்து நான் குரல் கொடுப்பேன். எங்கும் நடப்பதுதான். அழகையா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்துகிற ஆள் இல்லை. நான்கு வருடம் கொடுத்தேன்.

இந்த வருடம் எங்கள் மலைக்கு ஒரு பெண் கங்காணி வேண்டும் என்றார்கள். ஒருநாள்கூடப் பிந்தாதவள் என்று சுதர்ஷினியை எடுத்தார்கள். பிந்தாதவள் நான். அவள் நோகாமல் நுங்கு தின்றாள். எனக்குப் பொறாமை இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் பயணத்தன்று அவளுக்கும் சேர்த்து ரொட்டி சுட்டுக்கொண்டு போனேன்.

மூன்று மணி போல, இன்னொரு ஆமை பார்க்கலாம் என்று அவள்தான் என்னைத் தீவின் பின்பக்கம் கூட்டிப்போனாள். பாறை இடுக்கில் அவள் கால் வழுக்கிச் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

"விஜயாக்கா, ஓடிப்போய் யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வாங்க. தண்ணி ஏறுது."

"பயப்படாத. இந்தா வந்துர்றேன்."

கூட்டிவரத்தான் நடந்தேன். முன்பக்கத்தில் படகுக்காரர் நௌபர், காற்று எழும்புகிறது என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஈரத் துணியோடு எல்லாரும் இரண்டு படகிலும் முண்டியடித்து ஏறினார்கள். அழகையா பெரட்டில் நிற்பது போலவே பேப்பரைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். சுதர்ஷினி என்றார். "இருக்கேங்க" என்றேன். விஜயலெட்சுமி என்றார். அதற்கும் சொன்னேன்.

இந்தப் படகில் இருந்தவர்கள் அவள் அந்தப் படகில் என்று நினைத்தார்கள். பஸ்ஸிலும் அப்படித்தான். இரண்டு மணி நேரம் கழித்து, வழியில் பிபிலையில் தேத்தண்ணி குடிக்க இறங்கியபோதுதான் எங்களோடு வந்த பெரியாயி அவளைத் தேடினாள். உடனே நௌபருக்குப் போன் போட்டார்கள். அவர் போய்ப் பார்த்தபோது பாறையை அலை மூடியிருந்தது.

வாய்ப் பழக்கம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் நான்கு மணிக்குப் பிறகு அந்தப் பாறைகள் தண்ணீருக்குள் போய்விடும் என்று நௌபர் காலையிலேயே சொன்னார். எனக்குக் கேட்டது. படகு தீவைச் சுற்றித் திரும்பியபோது அவள் கை தெரிந்தது. மற்றவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்தேன். மனதில் அப்போதும் ஒன்றும் இல்லை, இப்போதும் இல்லை. பிபிலை வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவளைக் கொன்றது நான்தான்.

போன திங்கட்கிழமை அவளுடைய கங்காணி வேலையை எனக்குத் தந்தார்கள். நான் அழகையா மாதிரி இல்லை. பெயர் கூப்பிட்டு, ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்த பிறகுதான் குறிக்கிறேன்.

எழுதி முடிந்துவிட்டதா, சேர்? காலையில் பெரட்டுக்கு நான் போயாக வேண்டும். வேலைக்கு வருகிற அந்தப் பொம்பிளைப் பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் அங்கே ஆளில்லை.