காலிக் கட்டிலிடம் சொன்னது

பெயர் மார்லிஸ் ஓப்ஸ்டாட். வயது நாற்பத்தெட்டு. கணவர் பெயர் வேர்ன் ஓப்ஸ்டாட். இருப்பிடம் மின்னசோட்டா மாநிலம், மாங்காட்டோ நகரம். தொழில், ஆய்வகத்தில் மண் பரிசோதனை. நெப்ராஸ்காவில், மாவட்ட ஷெரிப் அலுவலகத்தில், ஜூன் பதினேழாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குத் துணை அதிகாரி கேட்க நான் சொல்வதாவது:

மேற்படி ஊரில் நானும் கணவரும் பன்னிரண்டு வயது மகள் டெஸ்ஸாவும் வசித்து வருகிறோம். கடந்த ஏப்ரல் மாதம் என் கணவர் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய இருபத்தொன்பது அடி நீளக் கேரவன் ஒன்றைப் பழையதாக வாங்கினார். என்னைக் கேட்டு வாங்கவில்லை. நான் சண்டை போடவில்லை. அதன் கையேட்டை முழுவதும் படித்தேன்.

மே மாதம் முதல் பயணத்தில், முகாமிலிருந்து புறப்படும்போது, பக்கவாட்டில் விரித்திருந்த வெயில்மறைப்பைச் சுருட்டாமல் அவர் வண்டியை எடுக்க, அது மரத்தில் மாட்டிக் கிழிந்தது. பக்கத்து வண்டிக்காரர் நாற்காலியை விட்டு எழாமலே, "பறக்கணும்னா ரெண்டு பக்கமும் றெக்கை வேணும் தம்பி" என்றார். அதன்பின் என் கணவர், புறப்படும்முன் பார்க்க வேண்டியவை என்று பத்து எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். வெயில்மறைப்பு, எரிவாயு, கழிவுக் குழாய், மடிப்புப் படி என்று டெஸ்ஸா வாசிக்க வாசிக்க, பார்த்து "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். ஓட்டுபவர் எப்போதும் அவரே என்பதால் பட்டியலில் ஆட்களைச் சேர்க்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இன்று இரண்டாவது பயணத்தின் ஐந்தாம் நாள். காலைச் சாப்பாட்டின்போது, இந்த வண்டியை விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன். "ஊருக்குப் போனதும் வித்துடறேன், போதுமா?" என்றார். அதன்பின் முதுகு வலிக்கிறது என்று முதல்முறையாகச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, பின்கட்டிலில் படுத்துத் திரையை இழுத்துவிட்டார்.

பத்தரை மணி அளவில் மணற்குன்றுகளுக்கு நடுவே, இடப்பக்கச் சாமான் அறையின் மூடி அடித்துக்கொண்டதால், ஒரு வளைவில் நிறுத்தி இறங்கினேன். மூடியைப் பூட்டும்போது மறுபக்கம் மடிப்புப் படி இறங்கி ஏறும் சத்தம் கேட்டது. யாராவது கதவைத் திறந்து மூடினால் மட்டும் கேட்கும் சத்தம் அது. காற்று என்று எடுத்துக்கொண்டேன். டெஸ்ஸா முன்னிருக்கையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இருந்தாள். குன்றுக்கு அப்பால் குட்டையில் வெள்ளைப் பறவைகள் இறங்குவதைப் பார்க்கப் போனதாக என் கணவர் பிறகு சொன்னார். அதன்பின் டெஸ்ஸா பத்தையும் வாசித்தாள். பத்துக்கும் "ஆச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சிறிது தூரத்தில் டெஸ்ஸா தூங்கிவிட்டாள். சாலையில் வேறு வண்டி இல்லை. புல் மூடிய குன்றுகளின் மேல் மேகத்தின் நிழல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி போகிறதா, குன்றுகள் போகின்றனவா என்று சில நேரம் தெரியவில்லை. அலமாரியில் கோப்பைகள் ஒன்றையொன்று மெல்லத் தொட்டன. திரைச்சீலையும் சமையலறையுமாக ஒரு வீடே தண்ணீரில் மிதந்து போவதுபோல் இருந்தது. அந்த நேரத்தில் நான் என் கணவரிடம் பேசினேன். பதில் வரவில்லை. கோபமாக இருந்தால் அவர் பேசமாட்டார் என்பதால் சந்தேகப்படவில்லை.

நாற்பத்தொரு மைல் கடந்தபின் டெஸ்ஸா எழுந்து பின்னால் போனாள். "அம்மா, செருப்பு இருக்கு, போன் இருக்கு. அப்பா இல்ல" என்றாள். அந்தச் சாலையில் அவ்வளவு நீள வண்டியைத் திருப்ப இடமில்லை. திருப்புவதற்காக மேலும் ஒன்பது மைல் அவரை விட்டு விலகியே போனேன். அதன்பின் வளைவுக்குத் திரும்பி வந்தபோது அங்கே அவர் இல்லை. குட்டைவரை நடந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எத்தனை முறை என்று நினைவில்லை. பறவைகள் எழுந்து போய்விட்டன. அதன்பின் என்னைத் தேடி அதிகாரியின் கார் வந்தது.

வெறும் காலுறையோடு நடந்து வந்த என் கணவரை, மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஓர் அம்மாள் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே சேர்த்திருக்கிறார். வழியில் என் கணவர் விளையாட்டாக, "வண்டியத் தலைமுழுகச் சொன்னா, கடைசில என்னைத் தலைமுழுகிட்டுப் போயிட்டா" என்றிருக்கிறார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அப்படியே அதிகாரியிடம் சொல்லிவிட்டார். நான் வேண்டுமென்றே இறக்கிவிட்டேனா என்று அதிகாரி கேட்கிறார்.

இல்லை. அவர் உள்ளே இருப்பதாக நம்பினேன் என்பதற்கு, நான் பேசியது தவிர வேறு சாட்சி என்னிடம் இல்லை. என்ன பேசினீர்கள் என்று அதிகாரி கேட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார். நான் பேசியது: "வேர்ன், நீ தூங்கலன்னு தெரியும். காலைல சொன்னது பொய். தெனமும் விடிஞ்சதும் ஜன்னலத் தொறந்து, இன்னிக்கு நம்ம வாசல்ல என்ன வந்திருக்குன்னு பாருன்னு சொல்றியே, அதுக்காக நான் முன்னாடியே முழிச்சுக்கிட்டுக் கெடக்கேன். விக்காத."

மேலே கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. பக்கத்து நாற்காலியில் இருந்த என் கணவர் கடைசிப் பத்தியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார், அதிகாரி வாசித்தார். திருத்தம் ஏதும் இல்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
மார்லிஸ் ஓப்ஸ்டாட்