பக்கவாட்டுக் கிழிசல் ஒட்டித் தரப்படாது

ஐயா, நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இந்த வலது கை இனி ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்ற முடியாமல் போகட்டும். பஞ்சர் கடைக்காரன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது. தூறல் உள்ளே அடிக்கிறது, ஸ்டேஷன் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள். உங்கள் எழுத்தர் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. பரவாயில்லை, திறக்க வேண்டிய இடம் வரும்போது சொல்கிறேன்.

மலையிலிருந்து சரிவுச் சாலை இறங்கத் தொடங்கும் இடத்தில் நாற்பத்து மூன்று வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். நான் போட்ட ஒட்டு பிரிந்துவிட்டது என்று ஒருவரும் வந்து நின்றதில்லை. ஒரு லாரிக்காரர் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தார். லாரி போய்விட்டது, டயர் போய்விட்டது, டியூபும் மட்கிவிட்டது. ஒட்டு மட்டும் அப்படியே இருந்தது. உங்கள் பொருள் என்று கொடுத்துவிட்டுப் போனார். ஒரே ஆணி மூன்று வெவ்வேறு வண்டிகளில் ஏறி என்னிடம் வந்திருக்கிறது. மூன்றாவது தடவை அதை முகம் பார்த்தே தெரிந்துகொண்டேன். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொலைக்கு அவசியம் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரே கேள்விதான். ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா. தரையில் படும் பாகத்தில் ஓட்டை என்றால் ஒட்டலாம். பக்கவாட்டில் கிழிந்தால் மாற்றியே ஆக வேண்டும். வண்டி ஓடும்போது அந்த இடம்தான் மடங்கி மடங்கி விரியும். அங்கே எதை வைத்து ஒட்டினாலும் சமதரையில் தாங்கும்; சரிவில் சூடேறியதும் வெடிக்கும். வருகிறவர்கள் கெஞ்சுவார்கள் என்பதால் கடைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறது: பக்கவாட்டுக் கிழிசல் ஒட்டித் தரப்படாது. எழுதியது என் மனைவி. என் கையெழுத்து எனக்கே புரியாது.

முப்பத்தெட்டு வருடம் அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குமிழி பார்த்தாள். டியூபை அழுத்தினால் எங்கே குமிழி கிளம்பும் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. மூக்குக் கண்ணாடியின் கால் ஒடிந்தபோது டியூப் ரப்பர் சுற்றிக் கொடுத்தேன். குடை கிழிந்தபோது ஒட்டினேன். வாளி, நாற்காலி, வெந்நீர்ப் பை, அவள் அம்மாவின் புகைப்படம், எல்லாம் என் ஒட்டுதான். மூன்று மாதத்துக்கு முன் புதுச் செருப்பு வேண்டும் என்றாள். பழைய செருப்புக்கே லாரி டயரில் அடிப்பாகம் வெட்டி ஒட்டி, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்றேன்.

“நாப்பதாயிரம் கிலோமீட்டர் நான் எங்க போகப் போறேன்?” என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு அந்தச் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் செய்து, வந்து கூட்டிப்போகச் சொன்னாள். திரும்பி வரும் தேதி எதுவும் சொல்லவில்லை.

தம்பி கீழ் ஊரில் சொந்தமாக வேன் ஓட்டுகிறவன். சனிக்கிழமை காலையில் வந்தான். அக்காவின் பெட்டிக்கும் மெத்தைக்கும் இடம் வேண்டும் என்று ஸ்டெப்னியை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தான். அது எனக்கு வசதியாகப் போயிற்று. இரண்டு பேரும் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பின் சக்கரத்தின் காற்றை இறக்கிவிட்டு, வளைந்த கத்தியால் உள்ளே டியூபும் அறுபடும்படி பக்கவாட்டில் இரண்டு விரல் நீளத்துக்குக் கீறினேன். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கீழிருந்து டயர் வர ஒரு நாள் ஆகும். அவளுடைய எந்தப் பிடிவாதமும் இருபது மணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை. முப்பத்தெட்டு வருடம் கூட இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

மைத்துனன் பெட்டியோடு வந்தவன், அதைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

“மாமா, வரும்போது நல்லாத்தான இருந்துச்சு. எப்படி ஆச்சு?”

கல் குத்தியிருக்கும் என்றேன்.

“கல்லுக்கு இவ்வளவு நேராக் கோடு போடத் தெரியுதே” என்று சிரித்தான். அவன் நல்லவன், ஐயா. அதை நான் மறைக்கப் போவதில்லை. டயரை மாற்றிக்கொண்டு நாளைக்குப் போகலாம் என்று அவனே சொன்னான். நான் நினைத்தது நடந்துவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது அவள் வந்தாள். அந்தச் செருப்பைத்தான் போட்டிருந்தாள். கிழிசலில் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை தடவினாள். பிறகு கத்தி மாட்டும் இடத்தைப் பார்த்தாள். கத்தி அங்கே இல்லை, என் இடுப்பில் இருந்தது.

“அவர ஒட்டச் சொல்லு” என்றாள், தம்பியிடம்.

“சைடுல கிழிஞ்சிருக்குக்கா. நீயே எழுதி வச்சிருக்க பாரு. ஒரு ராத்திரிதான, இருந்துட்டுப் போலாம்.”

“ஒரு ராத்திரியெல்லாம் முடியாதுடா. ஒட்டச் சொல்லு.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். அன்று முழுவதும் என்னிடம் நேராகக் கேட்டது அது ஒன்றுதான்.

“தாங்குமா?”

இந்த இடத்தில் எழுத்தர் பேனாவைத் திறக்கலாம்.

தாங்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்; சுவரில் எழுதியவளே அவள். வழியில் செத்தாலும் சரி, இந்த வீட்டில் இன்னும் ஒரு ராத்திரி ஆகாது என்று அவள் முடிவுசெய்துவிட்டாள். நான் கோபப்படவில்லை. கேட்டதைச் செய்து கொடுப்பது தொழில். தாங்கும் என்றேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கினேன். டியூபை உருவி, கிழிந்த இடத்தை அரத்தால் ராவினேன். சொல்யூஷன் தடவி, விரலின் பின்பக்கத்தால் தொட்டு, காயும்வரை காத்திருந்தேன். ஒட்டை வைத்து ஓரம் ஓரமாகத் தட்டினேன். கிழிசலுக்கு உள்பக்கமாகப் பழைய டயர்த் துண்டு ஒன்றைச் சீவி வைத்து ஒட்டினேன். அவள் பழக்கதோஷத்தில் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தாள். டியூபைத் தண்ணீரில் அழுத்தினேன். இரண்டு பேரும் பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை. என் வாழ்நாளில் நான் போட்ட ஒட்டுகளில் அதுதான் அழகு. செய்வது கொலை என்றாலும் அரைகுறையாகச் செய்ய எனக்குக் கை வராது.

வண்டி நகரும்போது கண்ணாடியை இறக்கி, என் மாத்திரை டப்பா அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது என்றாள். சரி என்றேன்.

ஏழாவது வளைவில் டயர் வெடித்தது. கடையில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. நாற்பத்து மூன்று வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்குத் தவறாது. வேன் மூன்று தடவை புரண்டு பள்ளத்தில் இறங்கியது. பெட்டி திறந்து துணியெல்லாம் மரக்கிளைகளில் காய்ந்தது. மெத்தை மட்டும் நிதானமாக இறங்கிப்போய்ப் படுத்தது. அவள் செருப்புக்கு ஒரு கீறலும் இல்லை.

அவளைக் கொன்றவன் நான்தான். அவள் தம்பி கூடச் செத்தது எனக்கு வருத்தமே. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனமாக எழுத வேண்டும், ஐயா. புருஷனை விட்டுவிட்டுப் போனாள் என்று எங்கேயும் வரக்கூடாது. புருஷனால் கொல்லப்பட்டாள் என்றுதான் இருக்க வேண்டும். கடைத்தெருவில் கேட்பவர்களுக்கும் நான் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் பத்து மணிக்குள் என்னை வீட்டுக்கு விட்டுவிட வேண்டும். ஞாயிறுதோறும் அவள் கீழ் ஊரிலிருந்து போன் செய்து மாத்திரை போட்டாச்சா என்று கேட்பாள்.