நெஞ்சைத் தட்டும் ஆட்டம்

எனக்குத் தொலைபேசியில் பேசுவதென்றாலே உள்ளங்கை வேர்த்துவிடும். அதனால்தான் நேரிலேயே வந்தேன். நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் கோர்வையாகச் சொல்லிவிடுவேன்.

நான் டிஜே. கூச்ச சுபாவக்காரனுக்கு இந்த வேலை எப்படி ஒத்துவருகிறது என்று பலரும் கேட்பார்கள். உண்மையில் இதைவிடத் தோதான வேலை கிடையாது. முன்னால் ஒரு மேசை, காதில் ஹெட்போன். சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டு யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள். கூட்டத்தின் கால்களைப் பார்த்தே அடுத்து எந்தப் பாட்டு என்று முடிவு செய்துவிடுவேன். முகங்களைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

மைக்கில் பேசுவது என் தம்பி. வெடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் யாராவது பேர் கேட்டால் நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். அவன் என் பேரையும் சேர்த்துச் சொல்லிவிடுவான். அவனுக்கு இழுப்பு உண்டு. மேடையில் புகை விடும் இயந்திரத்தின் பெடல் என் காலடியில் இருக்கும், மிதித்தால் புகை வரும்; அவனுடைய இன்ஹேலர் என் மேசைமேல் இருக்கும். மூச்சு முட்டினால் இரண்டு விரலால் நெஞ்சைத் தட்டுவான். நான் புகையை நிறுத்திவிட்டு இன்ஹேலரை நீட்ட வேண்டும். எங்களுக்குள் அப்படித்தான் ஏற்பாடு.

அன்று ஒரு கல்லூரியில் பகல் விழா. தொடங்கும் முன் விழா அமைப்பாளர் மேசையருகே வந்தார். நான் ஏதோ நாற்காலி என்பதுபோல என்னைத் தாண்டித் தம்பியிடம் பேசினார்.

"அடுத்த மாசம் பெரிய ஷோ இருக்கு. நீங்க மட்டும் வாங்க தம்பி. அண்ணன் வேலைய ஒரு பென்டிரைவ் பாத்துக்கும்."

தம்பி சிரித்தான். நான் ஹெட்போனை இரண்டு காதுக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். அவன் சொன்ன பதில் என் காதில் விழவில்லை. கோபமெல்லாம் இல்லை. மனசு விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

மூன்றாவது பாட்டில் அவன் என்னைப் பார்த்து நெஞ்சைத் தட்டினான். நான் பெடலில் காலை வைத்தேன். மறுபடி தட்டினான். முன்வரிசைப் பிள்ளைகள் அதைப் புது ஆட்டம் என்று நினைத்துத் தாங்களும் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அரங்கமே தட்டியது. அவன் தட்டும் வேகத்துக்குத் தாளத்தைக் கொண்டுவந்து பொருத்தினேன். அது சுலபமில்லை, அவன் சீராகத் தட்டவில்லை. ஒரு கூட்டம் முழுவதும் என் சொல்படி ஆடியது அன்றுதான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இழுப்பு வந்து போய்விட்டான் என்றார்கள், நானும் தலையாட்டினேன்.

இன்று அந்த ஆட்டம்தான் எனக்குப் பேர் வாங்கிக்கொடுத்திருக்கிறது. எங்கே போனாலும் அந்தப் பாட்டு வந்ததும் எல்லோரும் நெஞ்சைத் தட்டுகிறார்கள். தம்பிக்குச் செய்யும் அஞ்சலியாம். நான் வழக்கம்போலக் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளாக ஆடும் கால்களுக்கு நடுவே ஆடாத இரண்டு கால்கள் நிற்கின்றன. தம்பியின் வெள்ளை ஷூ எனக்குத் தெரியாதா? பயமாக இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

நேற்று அம்மா முதன்முறையாக என் நிகழ்ச்சிக்கு வந்தாள்.

"நானும் எல்லாரோடயும் சேந்து தட்டினேன்டா. அவனே எதிர்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு," என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு அவன மட்டும் தனியாக் கூப்பிட்டாங்களாமே? அண்ணன் இல்லாம வரமாட்டேன்னுட்டானாம். அந்த அமைப்பாளர் இப்பத்தான் சொன்னார்."

அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

அன்று கடைசியில் அவன் தட்டுத்தடுமாறி மேசைக்கே வந்துவிட்டான். கையை நீட்டினான். நான் இன்ஹேலரை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் செய்தேன், வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பாட்டையாவது நிறுத்தியிருக்கலாமே என்று மட்டும் கேட்காதீர்கள். நிறுத்தினால் எதற்காக என்று மைக்கில் சொல்ல வேண்டியிருக்கும். அத்தனை பேர் முன்னால் எனக்குப் பேச வராது.