பேர் இல்லாத ரெக்கார்டு

— அதுல உட்காராதீங்க மேடம், அது நாற்காலி இல்ல, ஸ்பீக்கர். இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. அவன் வர நேரமாகும். நான்தான் ஒரு வேலையா அனுப்பி வச்சிருக்கேன்.

— நீங்க அவரோட அம்மாவா?

— எதிர் வீடு. பெத்தவளுக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும்னு வச்சுக்கங்க. சாவியும் எங்கிட்டதான் இருக்கும். கீழ உட்கார்ந்து ரெக்கார்டு ஓட்டுற மிஷினைப் பிரிச்சுப் போட்டிருக்காரே, அவரு எங்க வீட்டுக்காரர். மோட்டார் மெக்கானிக். பேச மாட்டாரு, பயப்படாதீங்க. நீங்க ரெக்கார்டு கம்பெனிதானே?

— ஆமாம்மா. அவரை நேர்ல பாத்து ஒரு விஷயம் சொல்லணும்.

— அந்தக் குரல் விஷயந்தானே. முகத்துலயே தெரியுது. அந்தப் பொண்ணு யாருன்னு தெரியாம பாட்டை வெளியிட மாட்டோம்கிறீங்க.

— வெளியிட முடியாதும்மா. அடுத்தவங்க பாடினதை எடுத்துத் தன் பாட்டுல வச்சிருக்கார். அவங்க சம்மதம் வேணும். இன்னிக்குள்ள ஆள் கிடைக்கலன்னா அந்த ஒரு பாட்டை எடுத்துட்டு மீதியை வெளியிடலாம்னு சொல்லத்தான் வந்தேன்.

— சொல்லிப் பாருங்க. அப்படின்னா ஆல்பமே வேணாம்னுவான். ஊருல இருக்கிறவனுக்கெல்லாம் தாளம் கோத்து பீட்டு போட்டுக் குடுத்துட்டு, தன் பேருல இப்பதான் முதல் தடவையா ஒண்ணு கொண்டு வர்றான். அதையும் தூக்கிப் போட்டுடுவான். அவன் கழுதைப் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

— எங்களுக்கு அவரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதும்மா. போட்டோ கிடையாது, பேட்டி கிடையாது. ‘கீறல்’ங்கிற பேரு மட்டுந்தான்.

— பேரைப் பாருங்க. பெத்தவங்க வச்ச பேரு லட்சணமா இருந்துச்சு. ஓடுற ரெக்கார்டுத் தட்டுல கை வைக்காதே, கீறல் விழும்னு சொல்லித்தானே மேடம் நம்மளை எல்லாம் வளர்த்தாங்க? இவன் அதையே பிழைப்பா வச்சிருக்கான். பள்ளிக்கூடம் விட்டு வந்தா ரெண்டு டேப் ரெக்கார்டரை அடுக்களையில வச்சுக்கிட்டு, ஒரே ஒரு தாளத்தைத் திருப்பித் திருப்பி ஒட்டுவான். அவங்க அம்மா, பையனுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு எங்கிட்ட வந்து அழுதா. நானும் ஆமாம்னுதான் சொன்னேன்.

— அந்தத் திருப்புளியை எடு.

— உங்க முட்டிக்குக் கீழதான் இருக்கு. பாத்தீங்களா மேடம், நாள் முழுக்க இவரு பேச்சு இவ்வளவுதான். எங்க விட்டேன்? சுவரைப் பாருங்க. முட்டை வாசனையே ஆகாதவன் வீட்டுல சுவர் பூரா முட்டை அட்டை. சத்தம் வெளிய வராதாம். எங்க வீட்டுக் கட்டில் நடுங்குறது எங்களுக்குத்தான் தெரியும்.

— கச்சேரியெல்லாம் எங்க பண்ணுவார்?

— மேடையில இல்ல. லாரி ஷெட்டு, கார் நிறுத்துற அடித்தளம், பூட்டிக் கிடக்கிற மில்லு. ஷட்டரைப் பாதி இறக்கி விட்டுடுவாங்க. ஒரு தடவை நான் சும்மா அந்தப் பக்கம் போறவ மாதிரி போய் டயருங்களுக்குப் பின்னாடி நின்னேன். இவன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, ஒரு காதை மூடி ஒரு காதைத் தெறந்து நிக்கிறான். முன்னாடி நாலு வாயாடிப் பசங்க மைக்கைப் பிடிச்சுக்கிட்டு பாடவா செய்யறானுங்க? சண்டைக்காரி மாதிரி மூச்சு விடாம பேசறானுங்க. ஆனா எதுகை மோனை மட்டும் தப்பல, அதைச் சொல்லணும். நடுவுல கரண்டு போயிடுச்சு.

— ஐயோ. அப்புறம்?

— எவனும் கலையல. கையைத் தட்டியே தாளத்தைப் பிடிச்சு வச்சிருக்கானுங்க, இருட்டுல. கரண்டு வந்ததும் இவன் தட்டை விட்டான் பாருங்க, தட்டின கைக்கும் தட்டுக்கும் மயிரிழை பிசகல. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஷெட்டுல குளிரும் இருந்துச்சுன்னு வச்சுக்கங்க.

— அவர் பீட்டுல பேசின ஒருத்தர் இப்ப பெரிய ஆளா ஆயிட்டாரே.

— கார்ல போறான். இவன் இன்னும் அச்சாபீசுல காலை ஷிஃப்டு. உனக்கு வயிறு எரியலையாடான்னு கேட்டேன். அந்தக் காருக்குள்ள ஓடுறது என் பாட்டுதானே அத்தைன்னான். பிழைக்கத் தெரியாதவன். ஆனா அதைச் சொன்னப்ப சிரிச்சான் மேடம், அந்தச் சிரிப்பு எந்தக் கார்க்காரன் மூஞ்சியிலயும் நான் பாத்ததில்ல.

— இந்தக் குரல் இருக்கிற ரெக்கார்டு அவருக்கு எங்க கிடைச்சுது?

— முக்குல பழைய சாமான் கடை. அவனுக்கு அதுதான் கோயில். எங்க வீட்டுக்கு வெள்ளை அடிச்சப்ப நானே பரண்லேர்ந்து ஒரு மூட்டையை அந்தக் கடையில தள்ளியிருக்கேன். இந்தத் தெருக் குப்பைதான் மேடம் அவன் சங்கீதம்.

— அப்ப லேபிளைப் பாத்தாலே பாடினவங்க பேரு தெரிஞ்சிருக்குமே?

— அங்கதான் கெடுத்தான். ஒரு நாள் எட்டிப் பாக்கிறேன், பக்கெட்டுல துணி ஊறப் போடுற மாதிரி ரெக்கார்டை ஊறப் போட்டிருக்கான். என்னடா கூத்துன்னா, மத்த டிஜேக்கள் கச்சேரியில எட்டிப் பாத்து இது எந்த ரெக்கார்டுன்னு தெரிஞ்சுப்பாங்களாம், அதனால லேபிளை உரிச்சுடுவாங்களாம். இந்தத் தொழில்ல எல்லாரும் பண்ற திருட்டுத்தனந்தானாம். அடுத்தவனுக்குத் தெரியக்கூடாதுன்னு உரிச்சான், இப்ப அவனுக்கே தெரியல. பேரு, ஊரு எல்லாம் சாக்கடையோட போச்சு.

— எந்த வேகத்துல ஓட்டணும்கிறதும் லேபிள்லதான் இருக்கும்.

— இந்த மிஷின்ல வேகமா ஓடுறது ஒண்ணுதான் வேலை செஞ்சுது. மெதுவா ஓடுற பக்கம் எப்பவோ செத்துப் போச்சு. அதைத்தான் இவரு சரி பண்றாரு. யாரும் கூப்பிடல, காலையில தானா எழுந்து வந்துட்டாரு.

— தேடிப் பாத்தீங்களா?

— தேடறதா? அந்தப் பொறுப்பே எங்கிட்டதான். சின்ன வயசுல பாடினேன்னு சொன்ன பொம்பளை ஒருத்தியை விடல. பாட்டு டீச்சர் நான் இல்லன்னுட்டா. டெலிபோன் ஆபீசுல இருந்தவ நான்தான்னு சத்தியம் பண்ணினா. பாடுன்னோம், தெரு நாயெல்லாம் எழுந்து போயிடுச்சு. இன்னிக்கு ஒரு நர்ஸைப் பாக்க அனுப்பியிருக்கேன்.

— முடிஞ்சுது. இப்ப மெதுவாவும் ஓடும்.

— அந்த ரெக்கார்டு அடுக்குல மேலதானே இருக்கு, போட்டுக் காட்டுங்க. மேடமும் கேக்கட்டும்… என்னங்க இது, மிஷினைக் கெடுத்துட்டீங்களா? ஆம்பளைக் குரலால்ல வருது.

— கெடல. இதோட வேகம் இதுதான்.

— அம்மா, கொஞ்சம் பேசாம இருங்க… ஆமா. வார்த்தை தெளிவா விழுது, மூச்சு எடுக்கிறது கூட இப்பதான் சரியா இருக்கு. இது பொண்ணே இல்ல. யாரோ வாலிபப் பையன். வேகமா ஓட்டி ஓட்டிப் பொண்ணாக்கி வச்சிருக்கார்.

— அடப்பாவி. நானும் ஊருப் பொம்பளைங்களை எல்லாம் பாட வச்சேனே… இருந்தாலும் என்ன சாரீரம் மேடம். மேல ஏறினதே தெரியாம ஏறுறான் பாருங்க. இவனுக்கு வாக்கப்பட்டவ குடுத்து வச்சவ. எனக்கு வாய்ச்சது, வாயைத் தெறக்கிறதே சோத்துக்குத்தான்.

— அப்படின்னா பாட்டையும் இந்த வேகத்துக்கு மாத்தச் சொல்லணுமோ என்னவோ.

— மாத்த வேணாம்.

— அட, இவரு கேக்காமலே பேசறாரு.

— இந்த வேகத்துல ஒரு மனுஷனும் திரும்பிப் பாக்காத பாட்டு மேடம் இது. அந்தப் பையன் கை பட்டப்புறம் ஊரே ஆடுது. அவன் ஓட்டுனதுதான் சரி. அப்படியே இருக்கட்டும்.

— சரிங்க, ஆனா சம்மதம் வேணுமே. ஆளே மாறிப் போச்சு. இனிமே முதல்லேர்ந்து தேடணும், இன்னிக்குள்ள நடக்கிற காரியமா?

— ஏன் நடக்காது? ஆம்பளைன்னு தெரிஞ்சு போச்சுல்ல, எங்கிட்ட விடுங்க. பழைய சாமான் கடைக்கு வந்த ரெக்கார்டுன்னா ஆளு இங்க சுத்துப்பட்டுலதான் இருக்கணும். எனக்குத் தெரியாம இங்க ஒருத்தன் தும்ம முடியாது. சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்து நிறுத்தறேன்.

— நீ எங்கயும் போக வேணாம், உட்காரு. மேடம், எங்க கையெழுத்து போடணும்னு காட்டுங்க, போடறேன். பேரை மட்டும் வெளிய விட்டுடாதீங்க. கூடவே படுத்து எழுந்தவன் பாடினது இவளுக்கே தெரியலன்னு தெருவுக்குத் தெரிஞ்சா, பாவம், இவ வெளிய தலைகாட்ட முடியாது.