எந்தக் கணினியையும் கைவிடாத அக்கா

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, எங்கள் குழுவின் மூத்தவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே!

நாம் எல்லாரும் 'எச்சரிக்கை அக்கா' என்று அழைத்த நம் தலைமைப் பராமரிப்பாளர் இன்று நம்மிடையே இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் நெஞ்சு வலிக்கிறது என்றார். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நம்ப முடிகிறதா? என்னால் இன்னும் முடியவில்லை.

அந்தப் பெயர் ஏன் வந்தது? நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர், சந்தேகம் வந்தால் ஓர் எச்சரிக்கை காட்டும். நாம் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவோம். அக்கா போகமாட்டார். ஒரே ஓர் எச்சரிக்கை இருந்தாலும் நிரல் திரும்பி வரும். "என் மிஷின்ல நல்லாத்தானே ஓடுது அக்கா" என்று யாராவது முனகினால், "உன் மிஷினையா எல்லாருக்கும் அனுப்பப் போற?" என்பார். திட்டு வாங்கியவனும் சிரித்துக்கொண்டுதான் போவான்.

மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பான நம் லைப்ரரி என்ன செய்கிறது? சி மொழியில் எழுதப்பட்ட அது, கோப்புகளில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் காத்து வைத்து, கேட்டபோது பழையதை எடுத்துத் தருகிறது. அதை நம்பித் தங்கள் உழைப்பைக் கொட்டி வைப்பவர்களின் முகம் நமக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்தது!

ஒருமுறை, புதுப் பதிப்பு வெளியாக இருந்த வாரத்தில், ஒரு செவிலியரிடமிருந்து புகார் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்கான குறிப்புகளை வருடக்கணக்காக மொழிபெயர்த்துச் சேர்த்தவர். பழைய கணினியில் சேமித்ததைப் புதியதில் திறந்தார். ஆங்கிலப் பெயர் வைத்த கோப்புகள் இருந்தன. தாய்மொழியில் பெயர் வைத்தவற்றில் பாதியைக் காணோம்!

வெளியீட்டுப் பொறுப்பாளர் மேடையில்தான் இருக்கிறார், கோபித்துக்கொள்ளமாட்டார். அன்று அவர் சொன்னார்: "ஆங்கிலத்துல பேரு வைக்கச் சொல்லிடுங்கக்கா. வெளியீட்டை நிறுத்த முடியாது."

"ஏம்ப்பா, தொலைச்சது நாம. மாறிக்க வேண்டியது அவங்களா?"

வெளியீடு நின்றது.

அந்தப் பழைய ரகக் கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து, வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்தார் அக்கா. பேருந்து ஓட்டிக் களைத்து வந்த கணவர், "எனக்குத் தட்டு வைக்க இடமில்ல, அதுக்கு மட்டும் இடமா?" என்றாராம். "அது குறட்டை விடறதில்ல" என்றாராம் அக்கா! சிரியுங்கள், தப்பில்லை.

பிழை எங்கே இருந்தது? கணினி எல்லா எழுத்தையும் எண்களாகத்தான் சேமிக்கும். அந்த எண்களில் பெரியவற்றைச் சில கணினிகள் எதிர்மறை எண்ணாக எடுத்துக்கொள்ளும். சில அப்படி எடுத்துக்கொள்ளாது. ஆங்கில எழுத்துகளின் எண்கள் சிறியவை, அதனால் பாதிப்பில்லை. மற்ற மொழிகளுக்கோ வரிசையே மாறிவிடும். ஒரு வரிசையில் அடுக்கியதை வேறு வரிசையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டு எழுந்திருக்கலாமே! எழுந்தாரா? இல்லை. லைப்ரரி முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தார். அதே தவறு ஒளிந்திருந்த இடங்களையெல்லாம் திருத்தினார். இரண்டு வகைக் கணினிகளிலும் ஓடும் சோதனைகளை எழுதினார். பிறகு செவிலியரைத் தானே அழைத்தார்: "எல்லாம் பத்திரமா இருக்கும்மா. ஒண்ணுகூடப் போகல." மறுமுனையில் விசும்பல் மட்டும் கேட்டது. அந்தச் சகோதரி இன்று இந்த அரங்குக்கு வந்திருக்கிறார். அம்மா, உங்களை வணங்குகிறேன்.

அறிவாளிகள் நம்மிடையே நிறைய உண்டு. ஆனால், முகம் தெரியாத ஒருவருக்காக இவ்வளவு பொறுப்போடு வேலை செய்தவர் எத்தனை பேர்?

நண்பர்களே, அடுத்த பதிப்பு இந்த வாரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புதிய ரகப் பிராசசர் கொண்ட கணினி ஒன்றில் ஒரு சோதனை தோற்கிறது. காரணம் இன்னும் பிடிபடவில்லை. அதை ஒதுக்கிவிட்டு வெளியிடலாம் என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. "கண்டுபிடிச்சிட்டுத்தான் வெளியிடறோம்" என்று முதலில் சொன்னவர், இதோ, இந்த வெளியீட்டுப் பொறுப்பாளர்தான்!

இதைவிடப் பெரிய உறுதிமொழி எங்களுக்குத் தெரியாது. கூட்டம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்குத்தான் போகிறோம். போய் வாருங்கள், அக்கா. நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.