பூவரசம் பலகை

சின்ன வேலைதானே என்று கைக்குக் கிடைத்த மரத்தை எடுத்துவிடக் கூடாது சார். தண்ணீர் படுகிற இடத்துக்குப் பூவரசு நல்லது. ஆனால் எந்த மரமானாலும் தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும். வளர்பிறையில் வெட்டினால் உள்ளே வண்டு விழும். செஞ்சியில் மரவேலை செய்கிற எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான்.

என் மகள் அன்புக்கரசியைச் சிங்கவரத்துச் சேரனுக்குக் கொடுத்தேன். அவர்கள் நிலத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. கரண்ட் போனால் குறுக்கே போட்ட பலகைமேல் நின்றுதான் தண்ணீர் இறைக்க வேண்டும். என் பெண் நிற்கப்போகிற பலகையை இன்னொருத்தன் செய்வதா? எங்கள் வீட்டுப் பூவரசை வெட்டினேன். பௌர்ணமிக்கு இன்னும் சில நாள் இருந்தது. கல்யாண அவசரம், என்ன செய்வது.

"நீ செஞ்ச பலகன்னா கண்ண மூடிக்கினு நிப்பேன் நைனா" என்று சொல்வாள்.

போன தை மாதம் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். பலகை உடைந்துவிட்டது என்றார்கள். நான் செய்த பலகை உடையாது. அப்படியென்றால் அவன்தான் தள்ளியிருக்க வேண்டும். சாவு வீட்டில் அவன் அழுததைப் பார்த்து ஊரே உருகியது. எனக்கு அது நடிப்பாகத்தான் தெரிந்தது.

கருமாதி முடிந்து, உடைந்த பலகையை அளவுக்கு எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கே வந்தான்.

"மாமா, அந்தக் கெணத்தாண்ட போகவே மனசு வல்ல. ஆனா பயிரு காயுது. நீங்களே ஒண்ணு செஞ்சு குடுங்க."

"இன்னா மரத்துல வேணும்?"

"அது உங்களுக்குத் தெரியாதா மாமா?"

எவ்வளவு திமிர் பாருங்கள்.

இலவம் பலகை எடுத்தேன். தீக்குச்சிக்குப் போகிற மரம். பூவரசு நிறத்தில் வார்னிஷ் அடித்தேன். கனக்குறைவு காட்டிக்கொடுத்துவிடும் என்று இரண்டு முனையிலும் இரும்புப் பட்டை வைத்தேன். அடியில், நடுவாக, ரம்பத்தால் ஒரு கீறல். நானே கொண்டுபோய்ப் பொருத்தினேன். மோர் கொடுத்தான், குடித்தேன்.

அமாவாசையன்று ஊரே மேல்மலையனூர்க் கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டது. பலகையைப் பார்க்க வந்ததாகச் சொல்லி நிலத்துக்குப் போனேன். கரண்ட் இல்லை. அவன் வாளியோடு பலகைமேல் ஏறினான். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீருக்குள்ளிருந்து, "மாமா, கயிறு" என்று கூப்பிட்டான். பலமுறை கூப்பிட்டான். கயிறு என் பக்கத்தில்தான் கிடந்தது.

அந்தப் பழைய பலகை எங்கே என்று கேட்கிறீர்கள். அவன் கொண்டுவந்த அன்றே அடுப்பில் வைத்துவிட்டேன். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உடைந்த இடத்தில் விரலை வைத்தேன், மாவாகக் கொட்டியது. உள்ளே முழுக்க வண்டு.

இதையெல்லாம் எதற்கு வாக்குமூலத்தில் எழுதுகிறீர்கள் சார், அதுதான் எரிந்துபோயிற்றே. நான் செய்த பலகை உடையாது. என் மகளைக் கொன்றது சேரன்தான்.