விமானத்தள ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு

பெயர்: சண்முகலிங்கம் அருந்ததி. வயது: 54. தொழில்: சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், ஆங்கிலம் – தமிழ். வதிவிடம்: வெள்ளவத்தை, கொழும்பு 06. பதியப்பட்டது: ஆகஸ்ட் 19, முற்பகல் 10.20.

நான் மேற்படி இடத்தில் வசிக்கிறேன். பத்தொன்பது வருடங்களாகக் காலி வீதியில் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறேன். இன்று என்னை எவரும் அழைத்து வரவில்லை. நானாகவே இப்பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

கொட்டாஞ்சேனையில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையம் நடத்தும் கார்த்திகன் என்பவரை ஆறு வருடங்களாக அறிவேன். எனக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் அவரிடமிருந்தே வருகிறது. இவ்வருடம் மார்ச் 4ஆம் திகதி அவர் ஓர் ஆங்கில ஒப்பந்தத்தை மொழிபெயர்க்கத் தந்தார். அது வளைகுடா நாடொன்றின் விமானத்தளத்தில் சமையல் வேலைக்கானது. அதை முழுமையாக மொழிபெயர்த்து 6ஆம் திகதி கொடுத்தேன். அதன் பதினான்காம் பிரிவில், நட்பு நாடொன்றின் நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்களும் அவற்றைக் காக்கும் ஏவுகணைகளும் அத்தளத்தில் நிறுத்தப்படலாம் என்றும், போர் மூண்டால் தளம் தாக்கப்படலாம் என்றும், அவ்விமானங்கள் வந்திறங்கிப் பத்து நாட்களுக்குள் பணியாளர் எழுத்தில் கேட்டால் நிறுவனம் தன் செலவிலேயே அவரை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றும் இருந்தது.

மறுநாள் கார்த்திகன் அலுவலகத்துக்கு வந்து, "அக்கா, இதை இப்பிடியே எழுதினா ஒருத்தரும் போகமாட்டினம். கொஞ்சம் சுருக்கி விடுங்கோ" என்றார். சட்டப்பிரிவைச் சுருக்க முடியாது என்று நான் சொன்னேன். அவர் எனக்குத் தேநீர் எடுப்பித்துவிட்டுக் காத்திருந்தார். அதன் பின்னர் நான் அந்தப் பிரிவை அழித்து, 'பணியிடம் விமானநிலையச் சூழலில் அமைந்துள்ளதால் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதி, மூலத்துக்கு அமைவான சரியான மொழிபெயர்ப்பு என உறுதிப்படுத்தும் என் முத்திரையை வைத்துக் கையொப்பமிட்டேன். அவர் என்னைப் பயமுறுத்தவில்லை.

மார்ச் 15ஆம் திகதி, ஜிந்துப்பிட்டியைச் சேர்ந்த சின்னராசா, வயது 43, சாப்பாட்டுக் கடைச் சமையற்காரர், தன் மனைவி பாக்கியலெட்சுமியுடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிட என் அலுவலகத்துக்கு வந்தார். எனது மேசைக்கு முன்னால் அமர்ந்து, வரிக்கு வரி விரல் வைத்து, தமிழ்ப் பிரதி முழுவதையும் வாசித்தார். பதினான்காம் பிரிவில் நிறுத்தி, "விமான நிலையம்னா நம்ம கட்டுநாயக்க மாதிரிதானே மேடம்?" என்று கேட்டார். நான் "ஓம், அப்பிடித்தான்" என்றேன். அவர் கையொப்பமிட்டார். அவரது மனைவி தண்ணீர் குடித்த கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

சின்னராசா ஏப்ரல் 22ஆம் திகதி பயணமானார். அதன் பின்னர் ஜூன் 28ஆம் திகதி பிற்பகல், அவர் எனது வாட்ஸ்அப் இலக்கத்துக்குக் குரல் பதிவொன்று அனுப்பினார். அதில், "மேடம், முந்தாநாள் இங்க பெரிய பெரிய குண்டு போடுற பிளேன் வந்து எறங்கிருக்கு. கிச்சனுக்குப் பின்னாடி ராக்கெட் வண்டி ரெண்டு கொண்டாந்து நிப்பாட்டிருக்காங்க. முந்நூறு பேருக்கு சமைச்சது, இப்ப எழுநூறு. எனக்குப் பயமா இருக்கு. பேப்பர்ல திரும்பி வர்றதப் பத்தி ஏதாவது இருக்கா, பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டிருந்தார்.

அதை மூன்று தடவை கேட்டேன். ஆங்கில மூலம் என் கணினியில் இருந்தது. அவருக்கு இன்னும் எட்டு நாட்கள் இருந்தன. 'உடனே எழுத்தில் கேளுங்கள்' என்று தட்டச்சு செய்தேன். அவர் கேட்டால், அவரது தமிழ்ப் பிரதியில் அது ஏன் இல்லை என்ற கேள்வி வரும், என் மொழிபெயர்ப்பாளர் பதிவு பறிபோகும் என்று நினைத்து அழித்தேன். அதன் பின்னர் கார்த்திகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அதுதான் ராக்கெட் நிக்குதே அக்கா, ஒண்டும் நடக்காது. நீங்கள் பதில் போடாதேங்கோ" என்றார். நான் பதில் போடவில்லை.

ஜூலை 2ஆம் திகதி சின்னராசாவிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. 'மேடம் பிஸி போல. பரவால்ல.' அதை நான் திறந்து பார்த்தேன். பார்த்தது அவருக்கும் தெரிந்திருக்கும். அதற்கும் பதில் போடவில்லை.

ஜூலை 17ஆம் திகதி அந்தத் தளம் தாக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் கண்டேன். மூன்று நாட்களின் பின்னர் கார்த்திகன் தகவல் சொன்னார். வந்த ஏவுகணைகளைத் தளத்தின் ஏவுகணைகள் வானிலேயே உடைத்ததாகவும், உடைந்த ஒன்றின் துண்டு சமையற்கூடத்தின் மேல் விழுந்ததாகவும், விமானங்களுக்குச் சேதமில்லை என்றும், சின்னராசா இறந்துவிட்டார் என்றும் சொன்னார். ஆகஸ்ட் 2ஆம் திகதி உடல் வந்தது. நான் போகவில்லை.

ஆகஸ்ட் 14ஆம் திகதி பாக்கியலெட்சுமி தனியாக என் அலுவலகத்துக்கு வந்தார். கணவரின் பொருட்களோடு வந்த ஆங்கில ஒப்பந்தத்துக்கு நட்டஈட்டு அலுவலகத்தில் முழு மொழிபெயர்ப்பு கேட்கிறார்கள் என்றும், முதல் எழுதியவரிடமே கொடுக்கச் சொன்னார்கள் என்றும் கூறி அதை என்னிடம் தந்தார். என்னால் பழைய வரியையே திரும்பவும் எழுதியிருக்க முடியும். அவரை இருக்கச் சொல்லி, பிரிவு பிரிவாகத் தமிழில் வாசித்தேன். பதினான்காம் பிரிவை எதையும் விடாமல் வாசித்தேன். அவர் அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அப்ப அவரு வந்திருக்கலாமா?"

"வந்திருக்கலாம்."

"அவரு கேட்டப்ப இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. "மேடம் பதில் போடல, இன்னொருக்கா கேக்கவான்னு எங்கிட்ட கேட்டாரு. நான்தான் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொன்னேன்" என்றார். அதைச் சொன்ன பின்னர்தான் அழுதார்.

முழு மொழிபெயர்ப்பை அன்றே எழுதி அவரிடம் கொடுத்தேன். ஆங்கில மூலத்தின் பிரதி, முழுமையானதும் நான் மாற்றியதுமான இரண்டு தமிழ்ப் பிரதிகள், எனது தொலைபேசி, முத்திரை ஆகியவற்றை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

கணவரைத் தடுத்ததில் பாக்கியலெட்சுமி மீது எந்தப் பிழையும் இல்லை என்பதைத் தனியாகப் பதியும்படி கேட்டேன். அது விசாரணைக்குத் தேவையில்லை என்று அதிகாரி கூறினார். மீண்டும் கேட்டேன். பதியப்பட்டது.

இங்கே எழுதப்பட்டது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னவை உண்மை. எவருடைய தூண்டுதலுமின்றிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ச. அருந்ததி